ஒரே எண்ணில் இரண்டு கற்கள்

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் நண்பர்களுக்கு,

நீங்கள் நால்வரும் சேர்ந்து அனுப்பிய குறிப்பை மூன்று முறை படித்தேன். பதினொரு வரிகள். அதில் ஒன்பது வரிகள் எனக்கு மரியாதை. கடைசி இரண்டு வரிகளில்தான் விஷயம் இருக்கிறது. நம் தொல்லியல் பிரிவின் பழைய ஊர்ச்சின்னப் பட்டியலைக் கணினியில் ஏற்றும்போது, 146 என்ற எண் இரண்டு கற்களில் இருப்பதைக் கண்டிருக்கிறீர்கள். பட்டியலின் மொத்தம் 212. நேரில் போய் எண்ணினால் 213. இது எழுதியவரின் கவனக்குறைவு என்று நினைக்கிறோம், திருத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எழுதியவன் நான்தான். கவனக்குறைவும் என்னுடையதுதான். ஆனால் அது நீங்கள் நினைக்கும் இடத்தில் இல்லை.

பதில் எழுத ஆறு நாள் ஆகிவிட்டது. முதல் நாள் பேனாவில் மை கசிந்தது. இரண்டாம் நாள், குறிப்பேட்டைப் பரணில் வைத்தேனா அலமாரியில் வைத்தேனா என்ற கவலை. மற்ற நான்கு நாளும் எழுதுவதும் கிழிப்பதுமாகப் போயின. பிள்ளையார்பாளையத்தில் நான் குடியிருக்கும் தெருவில் இன்னும் பதினாறு வீடுகளில் தறி ஓடுகிறது. விடிந்ததும் அந்தச் சத்தத்தை எண்ண ஆரம்பித்துவிடுவேன். நூற்றுக்கு மேல் போனால் எந்தத் தறி எது என்று குழம்பிவிடும். அப்போது கண்ணை மூடிக்கொண்டால் ஊர்கள் வரும். பட்டியலில் உள்ள ஊர்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக, பனிக்குள் இருந்து வருவதுபோல வரும். ஒன்றாம் எண், ஓரிக்கைக்குப் பக்கத்தில் பாலாற்றங்கரையில் கிடந்த ஒரு தூண். இரண்டாம் எண், அங்கிருந்து கிழக்கே ஒரு மதகு. இப்படியே போய், தினமும் நூற்று நாற்பத்தாறில் நின்றுவிடுகிறேன்.

அந்த எண் இருக்கும் இடம் சின்னமதகு. ஏரிக்கரைக்குக் கீழே ஒரே ஒரு தெரு. முப்பத்தொரு வீடுகள். நீங்கள் ஜீப்பில் போய்ப் பார்த்துவிட்டு வந்திருப்பீர்கள். நாங்கள் முதல் முறை போனபோது பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தோம். நானும், எங்கள் பிரிவில் மைப்படி எடுக்கும் பெரியவரும். ஈரத்தாளைக் கல்லின்மேல் பரப்பித் தூரிகையால் தட்டித் தட்டிப் பதிய வைத்து, பிறகு மைத்துணியால் ஒற்றி எடுத்தால், கல்லில் உள்ள எழுத்து தாளுக்கு வந்துவிடும். அந்த வேலையில் அவரைப்போல் இன்னொருவரை நான் பார்த்ததில்லை. காஞ்சிபுரத்தில் நான்கைந்து தலைமுறையாக இருக்கும் குடும்பம். அலுவலகத்தில் எல்லோரும் அவரை பாய் என்றுதான் அழைப்போம். நானும் அப்படியே எழுதுகிறேன்.

வேலையில் சேர்ந்த புதிதில் திருமுக்கூடலுக்கு அவரோடு போனேன். மூன்று ஆறுகள் சேரும் இடம். நான் போனது சித்திரை மாதம். ஓர் ஆற்றிலும் தண்ணீர் இல்லை. வெள்ளை மணல் கண்ணுக்கெட்டிய தூரம்வரை கிடந்தது. வெயிலில் மணல் லேசாக அசைவதுபோலத் தெரிந்தது. "மூன்று ஆறு" என்று குறிப்பேட்டில் எழுதினேன். பாய் எட்டிப் பார்த்து, "எந்த இடத்துல ஒண்ணு முடிஞ்சு இன்னொண்ணு ஆரம்பிக்குதுன்னு கோடு போட்டுக் காட்டுங்க சார், பார்க்கலாம்" என்றார். நான் கோபித்துக்கொண்டேன். அவர் சிரித்துக்கொண்டே தாளை நனைக்கப் போய்விட்டார்.

நம் தொழிலில் ஊர்கள் எப்படி உண்டாயின என்பதைப் பற்றி நிறையப் படிப்பீர்கள். நான் நடந்து பார்த்த அளவில், இந்தப் பக்கத்து ஊர்கள் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு உண்டானவை. முதலில் ஏரி. ஏரிக்கு மதகு. மதகுக்குக் கீழே வயல். வயல் விளைந்தால் கோயில். கோயில் வந்தால் துணி வேண்டும். துணிக்குத் தறி. ஆறு திசை மாறினாலோ, ஏரி உடைந்தாலோ, ஊர் சற்றுத் தள்ளிப்போய் உட்கார்ந்துகொள்ளும். மனிதர்கள் போகும்போது சில கற்களையும் எடுத்துப் போவார்கள். கோயில் தூண் துணி துவைக்கும் கல்லாகும். நடுகல் வாசற்படியாகும். அதனால் ஒரு கல்லைப் பார்த்தவுடன், அது நிற்கும் இடம் அதனுடைய இடம்தானா என்று கேட்க வேண்டும். என் பட்டியலில் 39 கற்கள் இடம் மாறியவை. அதை முன்னுரையிலேயே எழுதியிருக்கிறேன். அந்த ஒரு வரி பின்னாளில் என்னைப் படுத்திய பாட்டைச் சொல்லத்தான் வந்தேன்.

சின்னமதகில் முதல் முறை நுழைந்தபோது காலை நேரம். தெரு முழுவதும் பட்டு. பாவு நீட்டியிருந்தார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் நீளவாக்கு இழைகளைத் தெருவில் இழுத்துக் கட்டி, குறுக்குக் கம்புகளில் தாங்கி, சிக்கெடுத்து நீவுவார்கள் அல்லவா, அது. அன்று மாம்பழ மஞ்சள். மூன்று சேலைக்கான பாவு. ஏரிப்பக்கம் இருந்து வந்த காற்றில் அது மெதுவாக ஏறி இறங்கியது. வெயில் இழைகளுக்கு நடுவே புகுந்து தரையில் மஞ்சள் கோடுகளாக விழுந்திருந்தது. அந்தக் கோடுகளை மிதிக்கக் கூசி ஓரமாக நடந்தேன்.

பாவின் கிழக்கு முனைக் கயிறு ஒரு கல்லின் துளைக்குள் நுழைந்து முடிச்சிடப்பட்டிருந்தது. இடுப்பளவு உயரக் கல், சற்றே சாய்ந்திருந்தது. மேற்கு முனையிலும் அதேபோல ஒரு கல், அதே உயரத்தில் துளை. கிழக்குக் கல்லில் எழுத்து இருந்தது. மேற்குக் கல்லில் இல்லை.

பாவை எடுத்து முடித்ததும் பாய் கிழக்குக் கல்லைக் கழுவிப் படி எடுத்தார். ஏரி மதகுக்குக் கீழே குடியேறிய நெசவாளர்களுக்குத் தறி வரி கிடையாது என்று ஊர்ச்சபை முடிவு செய்ததைச் சொல்லும் கல். எந்த ஏரி என்ற இடத்தில் கல் பொரிந்து போயிருந்தது. மற்றபடி நல்ல எழுத்து. நான் மகிழ்ச்சியோடு வெள்ளைப் பெயிண்டில் 146 என்று எழுதினேன்.

கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த வசந்தா என்ற பெண் கேட்டாள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். அந்தப் பாவு அவள் வீட்டுப் பாவு.

"அந்தாண்ட கல்லுக்கு நம்பர் இல்லியா சார்?"

"அதுல எழுத்து இல்லம்மா."

"எழுத்து இல்லாங்காட்டி அது கல்லு இல்லியா?"

"கல்லுதான். பட்டியலுக்குத் தேவையில்லை."

"எங்க ஊட்டுக்காரருக்குங்கூட எழுதப் படிக்கத் தெரியாது. அவரயும் உட்டுட்டுப் போயிடுங்க" என்றாள். பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

பாய் சிரிக்கவில்லை. மேற்குக் கல்லுக்குப் போய் துளைக்குள் விரலை விட்டுச் சுற்றினார். "சார், இங்க வந்து தொட்டுப் பாருங்க. உள்ள கண்ணாடி மாதிரி இருக்குது. எத்தினி கயிறு தேய்ச்சிருந்தா இப்படி ஆவும்? ரெண்டும் ஜோடி சார் இது. ஒண்ணை எடுத்துக்கினு ஒண்ணை விடாதீங்க."

எழுத்தோ சிற்பமோ இருந்தால் பதிவு செய்ய வேண்டும் என்பது எங்களுக்குக் கொடுத்த விதி. அன்று இன்னும் மூன்று ஊர்கள் பாக்கி. பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம். நான் துளையைத் தொடவில்லை. ஆனால் எண்ணாமல் இருக்க முடியாத ஆள் நான். ஒரு கல்லில் இருந்து மறு கல்லுக்கு நடந்து பார்த்தேன். குறிப்பேட்டில் எழுதினேன்: "எதிரே மற்றொரு கல். அதே உயரம், துளை உண்டு. எழுத்து இல்லை. இடைவெளி 28 நடை. விடலாம்."

ஏழு வருடம் போனது.

அந்த ஏழு வருடத்தில் பட்டியல் அச்சாகிவிட்டது. எனக்கு முழங்காலில் அறுவை நடந்தது. ஓய்வு பெறப் பதினொரு மாதம் இருந்தது. அப்போது வசந்தா அலுவலகத்துக்கு வந்தாள். கையில் போன். அதில் கிழக்குக் கல்லின் படம்.

"சார், நீங்க போட்ட நம்பர்தானே இது?"

புறவழிச் சாலை ஒன்று வரப்போகிறது. அதன் கோடு சின்னமதகின் மேல் போகிறது. நில ஆவணத்தில் அந்தப் பட்டை முழுவதும் ஏரி நிலம் என்று இருக்கிறது. அதனால் முப்பத்தொரு வீடுகளும் அண்மைக்கால ஆக்கிரமிப்பு என்று எழுதிவிட்டார்கள். மாற்று இடமாக, தொலைவில் நான்கு மாடிக் குடியிருப்பு. வசந்தா அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"மூணாவது மாடியில எங்க சார் குழி வெட்டுறது? நம்மளது குழித்தறி. காலை எங்க வெக்கறது? பாவ எங்க நீட்டறது, மாடிப்படியிலயா? அங்க போனா நாங்க வாட்ச்மேன் வேலைக்குத்தான் போவணும்."

பழைய குடியிருப்பு என்று நிரூபித்தால் சாலைக் கோடு ஏரியின் மறுபக்கம் திரும்ப வழி உண்டு. எங்கள் பிரிவிடம் அறிக்கை கேட்டிருந்தார்கள். நான் உற்சாகமாக எழுதிக்கொடுத்தேன். 146 இருக்கிறதே, வேறு என்ன வேண்டும் என்று நினைத்தேன். நில எடுப்பு அதிகாரி நேரில் பார்க்க ஒரு நாள் குறித்தார்.

அன்று விடிந்தபோதே நானும் பாயும் போய்ச் சேர்ந்துவிட்டோம். மார்கழிப் பனி. ஏரியும் கரையும் ஒன்றாகக் கலந்து வெளுத்திருந்தன. தெருவில் நுழைந்தவுடன் வேறு ஏதோ ஊருக்கு வந்துவிட்டோம் என்று தோன்றியது. கனவில் நம் வீடே நம் வீடு மாதிரி இல்லாமல் இருக்குமே, அப்படி. கொஞ்ச நேரம் கழித்துத்தான் காரணம் புரிந்தது. தெரு முழுவதும் சிமென்ட் போட்டிருந்தார்கள். மேற்குக் கல்லைக் காணவில்லை. கிழக்குக் கல், சாய்ந்திருந்த கல், இப்போது நேராக நின்றது. அதன் காலைச் சுற்றிச் சின்னதாக ஒரு சிமென்ட் மேடை. 146 மட்டும் புதுப்பெயிண்டில் பளிச்சென்று இருந்தது.

"இந்தாண்டக் கல்லு எங்கம்மா?" என்றேன்.

வசந்தா சாதாரணமாகத்தான் சொன்னாள். "நாலு வருசம் முன்னாடி ரோடு போட வந்தாங்க சார். கல்லு எல்லாம் எடுக்கணும்னாங்க. நம்பர் போட்ட கல்லு கெவுர்மென்ட் கல்லு, அத்த தொட்டா ஜெயில்னு சொல்லிட்டோம். அதனாலதான் அத்த மரியாதையா எடுத்து அதே எடத்துல நேரா நட்டு, மேடை கட்டிக் குடுத்தாங்க. இதுக்கு நம்பர் இல்ல. சார் வேணாம்னுட்டாரு, போனா போவுதுன்னு உட்டுட்டோம்."

"உடைச்சுட்டாங்களா?"

"பேர்க்கப் பார்த்தாங்க, வரல. சுத்தியால அடிச்சாங்க."

பாய் என்னைப் பார்க்கவில்லை. பனியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது எனக்குத் திட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஒன்பது மணிக்கு அதிகாரி வந்தார். முப்பத்தைந்து வயதுப் பெண்மணி. சிடுசிடுப்பவர் இல்லை. ஆனால் எல்லாவற்றையும் படித்துவிட்டு வருபவர். என் பட்டியலையே கொண்டுவந்திருந்தார். ஓரங்களில் மஞ்சள் ஒட்டுத்தாள்கள். பதினான்கு இருந்தன.

கிழக்குக் கல்லைச் சுற்றி வந்தார். மேடையைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"சார், இது புது சிமென்ட்டில் நிக்குது."

"நாலு வருஷத்துக்கு முன்னால் நேராக்கினார்கள், மேடம். ஏழு வருஷத்துக்கு முன்னால் நான் இங்கேயே பார்த்தேன்."

"அதுக்கு முந்தி எட்டாவது வருஷம் யாராவது வண்டியில ஏத்திக்கிட்டு வந்து நட்டிருந்தா? ஏரி பேரும் இந்தக் கல்லுல இல்லை. இது எந்த ஏரிக் கல்லுன்னு நான் எப்படி எழுதறது?" பட்டியலைப் பிரித்து முன்னுரையைக் காட்டினார். "39 கல் இடம் மாறியிருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. இது நாற்பதாவது இல்லைன்னு காட்டுங்க."

நியாயமான கேள்வி. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். தெருவில் முப்பத்தொரு வீட்டு வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். நான் எண்ணவில்லை. எண்ணத் தைரியம் இல்லை.

வசந்தா முன்னால் வந்தாள். "மேடம், இதுக்கு ஜோடி இருந்துச்சு. அந்தாண்ட கோடியில. ரெண்டுக்கும் நடுவுலதான் எங்க பாவு."

"பட்டியல்ல எந்த எண்?"

வசந்தா என் பக்கம் திரும்பினாள்.

என் தோள்பையில் அந்த வருடத்துக் குறிப்பேடு இருந்தது. எந்த வேலைக்குப் போனாலும் அந்த ஊர் சம்பந்தப்பட்ட பழைய குறிப்பேட்டை எடுத்துப் போவது என் வழக்கம். எந்தப் பக்கம் என்பதும் தெரியும். அதை எடுத்துக் காட்டினால் இரண்டாவது கல் நின்றதற்குச் சாட்சி கிடைக்கும். அதே வரியில் "விடலாம்" என்பதும் இருக்கிறது. பார்த்தும் பதிவு செய்யாமல் விட்டான், அதனால் உடைந்தது, ஊர் போகும் நிலை வந்தது என்று ஒருவர் ஒரு தாளில் எழுதினால் போதும். ஓய்வுக்கும் ஓய்வூதியத்துக்கும் நாள் எண்ணிக்கொண்டிருப்பவனுக்கு அந்தத் தாள் என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும்.

குறிப்பேட்டை எடுக்கவில்லை. "மேடம், எனக்கு நினைவு இருக்கிறது. இங்கிருந்து இருபத்தெட்டு நடை. மேலே உடைத்துவிட்டார்கள், அடிப்பாகம் மண்ணுக்குள் இருக்க வேண்டும்" என்று மட்டும் சொன்னேன்.

"தோண்டுங்க. ரோட்டுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். ஆனா பதினோரு மணிக்கு எனக்கு அடுத்த ஊர்."

நடந்தேன். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டே எண்ணினேன். இருபத்தெட்டில் நின்றேன். இரண்டு பேர் கடப்பாரையால் சிமென்ட்டை உடைத்தார்கள். ஜல்லி. ஜல்லிக்குக் கீழே மணல். மணலுக்குக் கீழே மண். இன்னும் அகலமாக வெட்டினார்கள். ஒன்றும் இல்லை.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்து இருபது. எண்ணிக்கை தப்பாகாது என்று வாழ்ந்த ஆள். அங்கே நின்றுகொண்டு, ஒருவேளை அந்தக் கல்லே இல்லையோ, அந்த மஞ்சள் காலையே நான் எங்கோ கண்ட கனவோ என்றுகூட நினைத்தேன்.

பாய் கிட்டே வந்து மெதுவாகச் சொன்னார். "சார், அந்த இருபத்தெட்டு முட்டி ஆபரேசனுக்கு முந்தின இருபத்தெட்டு. இப்ப உங்க நடையே வேற."

எவ்வளவு தள்ளி என்று யாருக்குத் தெரியும்? தெரு முழுவதும் உடைக்க நேரம் இல்லை. அதிகாரி அதற்குச் சம்மதிக்கவும் மாட்டார்.

வசந்தா வீட்டுக்குள் ஓடினாள். திரும்பி வரும்போது தோளில் ஒரு பழைய பருத்திக் கயிறு. பின்னால் இரண்டு பெண்கள் சுருட்டிய பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அரக்கு நிறம்.

"மூணு சேலைப் பாவு, நீளம் மாறாது மேடம். இந்தக் கயிறு எங்க மாமனார் காலத்துது. கல்லு போனப்புறம் இத்தோட இன்னொரு கயிறு முடிஞ்சு கரண்டு கம்பத்துல கட்டிக்கினு இருக்கோம். ஆனா துளை தின்ன எடம் கயித்துல அப்படியே இருக்குது, பாருங்க." கயிற்றில் ஒரு சாண் நீளத்துக்கு நூல் தேய்ந்து மெலிந்து பளபளத்தது. "இந்தத் தேய்மானம் எங்க வந்து நிக்குதோ, அங்க இருந்துச்சு கல்லு."

கிழக்குக் கல்லின் துளையில் கட்டினார்கள். பெண்கள் குறுக்குக் கம்புகளோடு வரிசையாக நின்றார்கள். பாவு ஒவ்வொரு கையாக விரிந்து வந்தது. பனி முழுதாக விலகவில்லை. அந்த வெளுப்புக்குள் அரக்கு நிறம் தானாகவே நீண்டு போவதுபோல இருந்தது. பிடித்திருந்த கைகள் தெரிந்தன, முகங்கள் தெரியவில்லை. என்றைக்கோ ஒரு நாள், இந்த ஏரிக்குக் கீழே முதன்முதலாக யாரோ சிலர் இப்படித்தான் ஒரு பாவை நீட்டிப் பார்த்து, முடிந்த இடத்தில் ஒரு கல்லை நட்டு, இதுதான் நம் தெரு என்று சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்காகத் தெரு வரவில்லை. பாவுக்காகத் தெரு வந்தது, தெருவுக்காக வீடு வந்தது. இது எனக்கு அந்த நிமிடத்தில்தான் புரிந்தது. ஏழு வருடத்துக்கு முன் அந்த மஞ்சள் பாவுக்குப் பக்கத்தில் நடந்து போனவனுக்குப் புரியவில்லை.

கயிறு இறுகியது. தேய்ந்த இடம், நான் தோண்டச் சொன்ன குழியைத் தாண்டி நான்கு அடி தள்ளிப்போய் நின்றது.

அங்கே உடைத்தார்கள். மூன்றாவது குத்திலேயே கடப்பாரை வேறு சத்தம் போட்டது. பாய் உட்கார்ந்து கையால் மண்ணைத் தள்ளினார். உடைந்த கல்லின் அடிப்பாகம். நாலு பக்கமும் பழைய செங்கல் துண்டுகளும் பானையோடுகளும் வைத்து இறுக்கிய குழி. அந்தக் குழியை யாரும் பிற்காலத்தில் தொட்டதற்கு அடையாளம் இல்லை.

அதிகாரியும் குனிந்து பார்த்தார். "மேல் பாதி எங்க?"

"நீங்க அதுமேலதான் நின்னுக்கினு இருக்கீங்க மேடம்" என்றாள் வசந்தா. "ஜல்லியோட ஜல்லியா போட்டுட்டாங்க."

அதிகாரி சட்டென்று ஓரமாக நகர்ந்தார். பிறகு சொன்னார்: "பழைய குழிதான். ஒத்துக்கறேன். ஆனா இது ஏதாவது வீட்டுத் தூணாவும் இருக்கலாம். அந்தக் கல்லுக்கு ஜோடி இதுதான், இதுலயும் துளை இருந்ததுன்னு ஊர்க்காரங்க இல்லாத ஒருத்தர் எழுத்துல சொல்லணும். அதுவும் இந்த ரோடு கோடு போடறதுக்கு முந்தி எழுதினதா இருக்கணும்."

மணி பத்து ஐம்பது.

பாய் என் தோள்பையைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். என் குறிப்பேடுகள் எல்லாம் அவருக்குத் தெரியும்.

எடுத்தேன். பக்கத்தைப் பிரித்தேன். கண்ணாடியைத் துடைத்தேன், தேவையில்லாமல் இரண்டு முறை துடைத்தேன். அதிகாரியிடம் கொடுத்திருக்கலாம். ஆனால் வாசல்களில் நின்றவர்களுக்கும் கேட்க வேண்டும் என்று தோன்றியது. உரக்கப் படித்தேன். "எதிரே மற்றொரு கல். அதே உயரம், துளை உண்டு. எழுத்து இல்லை. இடைவெளி 28 நடை." அங்கே நிறுத்தினேன். பிறகு கடைசிச் சொல்லையும் படித்தேன். "விடலாம்."

"ஏன் விட்டீங்க?" என்றார் அதிகாரி.

"எழுத்து இல்லை என்று."

பாவு மட்டும் காற்றில் ஏறி இறங்கியது. வசந்தா என்னை நேராகப் பார்த்தாள். "முப்பத்தொரு ஊடு சார்" என்றாள்.

அதிகாரி தாளும் பேனாவும் கொடுத்தார். இந்தக் கல்லைக் கண்டும் பதிவு செய்யாமல் விட்டது நான், அது உடைபட்டதற்கு அந்த விடுதலே காரணம், இதோ அன்றைய என் குறிப்பு என்று ஒன்பது வரிகளில் எழுதிக் கையெழுத்திட்டேன். குறிப்பேட்டையும் ஆவணத்தோடு சேர்த்துக்கொண்டார்கள். இன்றுவரை திரும்பி வரவில்லை. என்னிடம் உள்ள குறிப்பேடுகளின் வரிசையில் அந்த ஒரு இடம் காலி.

திரும்பும் வழியில் பஸ் நிறுத்தத்தில் பாய் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். "சூடா இருக்குது சார். ரெண்டு கையாலயும் பிடிங்க" என்றார்.

இரண்டு மாதம் கழித்துச் சாலைக் கோடு ஏரியின் மறுபக்கம் திரும்பியது. எனக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. விளக்கம் கொடுத்தேன். கண்டித்து ஒரு குறிப்பு எழுதி என் பணிப்பதிவேட்டில் சேர்த்தார்கள். அதோடு விட்டார்கள். அந்தக் குறிப்பு நியாயமானது. நீங்கள் பதிவேட்டைப் பார்த்தால் அதைப் பற்றி யாரிடமும் தயங்காமல் கேட்கலாம்.

ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம் பெயிண்ட் டப்பாவோடு சின்னமதகுக்குப் போனேன். அடிக்கல்லைச் சுற்றிச் சிமென்ட்டைச் சதுரமாக வெட்டி விட்டிருந்தார்கள். பக்கத்தில் ஓர் இரும்பு முளை. பாவுக் கயிறு அதில் கட்டியிருந்தது. அன்றைக்கு நிறம் மயில் கழுத்து.

அடிக்கல்லின் முன்னால் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் பிரச்சினை தெரிந்தது. பட்டியல் 212-இல் முடிந்து அச்சாகிவிட்டது. இதற்கு 213 போட்டால், கடைசி ஊருக்கும் பின்னால் போய் ஒண்டிக்கொள்ளும். 146-அ என்று போட்டால் அதற்கு வால் போலாகிவிடும். தூரிகையை நனைப்பதும் துடைப்பதுமாக இருந்தேன்.

வசந்தா பார்த்துக்கொண்டே இருந்தாள். "இன்னா சார், மறுபடியும் உட்டுட்டுப் போலாம்னு யோசிக்கிறீங்களா?"

"என்ன எண் போடுவதென்று பார்க்கிறேன்."

"இதுல யோசிக்க இன்னா இருக்குது? அங்க இன்னா போட்டீங்களோ அதே போடுங்க. ஒரு பாவுக்கு ரெண்டு கோடி. அதுக்காக ரெண்டு பாவுன்னு கணக்கு சொல்வாங்களா?"

146 என்று எழுதினேன். பெயிண்ட் காயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கிழக்குக் கல்லின் துளையை அன்றுதான் முதன்முதலாகத் தொட்டுப் பார்த்தேன். பாய் சொன்னது சரி. உள்ளே கண்ணாடிபோல இருந்தது.

ஆகவே நண்பர்களே, மொத்தம் 212 என்பதைத் திருத்தாதீர்கள். 213 கற்கள் என்பதையும் மறைக்காதீர்கள். கணினி ஒரே எண்ணை இரண்டு முறை ஏற்காது என்றால், ஏற்கும்படி செய்ய முடியுமா என்று அதை அமைத்தவரைக் கேளுங்கள். புதிய படிவத்தில் இன்னொரு பத்தியும் வேண்டும். பார்த்தும் பதிவு செய்யாமல் விட்டவை எவை, ஏன் விட்டோம் என்று அதில் எழுதுங்கள். விதிப்படி விட்டிருந்தாலும் எழுதுங்கள். விட்டதை எழுதி வைத்ததால்தான் அன்று ஒரு தெரு பிழைத்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிட்டேன். அவசரத்தில் நம் கை "விடலாம்" என்று எழுதும்போது, பக்கத்தில் நிற்பவர் கல்லைத் தொட்டுப் பார்க்கச் சொன்னால், பஸ் போனாலும் தொட்டுப் பாருங்கள்.

காலையில் தறிச்சத்தம் தொடங்கியதும் என் தெருவில் கொஞ்சம் நடப்பேன். சாயத்தண்ணீர் ஓடிய ஓடையில் ஒரு நாள் பச்சை, ஒரு நாள் சிவப்பு மினுங்கும். வீட்டு வாசலில் இருந்து எண்ண ஆரம்பித்து, இருபத்தெட்டில் நிற்பேன். நிற்கும்போது பனியும் ஏரியும் அந்த அரக்குப் பாவும் வரும். முழங்கால் இப்போது இன்னும் மோசம். நடை இன்னும் குறுகியிருக்கும். பிறகு கொஞ்சம் மேலே நடக்கிறேன். அது நான்கு அடியா ஆறு அடியா என்று தெரியாது. அதை மட்டும் நான் எண்ணுவதில்லை.